ஆழிக்குடுமி மலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆழிக்குடுமி ஒரு கற்பனை மலை. பினாங்கில் வார இறுதிகளில் நாங்கள் சிலர் தமிழில் நடத்தும் கதை விளையாட்டுக்காக உருவாக்கியது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் தே தாரிக் தேநீர் ஆறிப்போகும்வரை விளக்கிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக எழுதியே வைத்துவிட்டேன்.

அது என்ன விளையாட்டு?

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவோம். ஒருவர் கதைசொல்லி, பெரும்பாலும் நான்தான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "குகைக்குள் நுழைகிறேன்" என்று நீங்கள் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொல்வேன். தப்பிப்பீர்களா மாட்டீர்களா என்பது சந்தேகமாக இருந்தால் பகடை உருட்டுவோம். கணினி வேண்டாம், முன் அனுபவமும் வேண்டாம்.

மலை எங்கே இருக்கிறது? கூகுள் மேப்பில் தேடினேன், கிடைக்கவில்லை.

கிடைக்காது. கதைப்படி அது பினாங்குக்கு வடமேற்கே, மலாக்கா நீரிணை அந்தமான் கடலோடு சேரும் பக்கத்தில் உள்ள ஒரு தீவு. தீவு என்பதைவிடக் கடலிலிருந்து நேராக எழும்பி நிற்கும் மலை என்றே சொல்லலாம்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் வங்கக் கடலைத் தாண்டி வந்த கப்பல்களுக்குக் கெடாவின் ஜெராய் மலைதான் அடையாளம். 1,217 மீட்டர் உயரம்; சுற்றிலும் சமவெளி என்பதால் கடலில் வெகு தொலைவிலிருந்தே தெரியும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நாம் கடாரம் என்று படித்த வட்டாரம். இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025இல் வந்து தாக்கியது இங்கேதான். எங்கள் கதை ஒரு சின்ன 'அப்படி நடந்திருந்தால்' என்பதில் தொடங்குகிறது: ஒரு வணிகக் கப்பல் மூடுபனியில் வழி தவறி, ஜெராய் என்று நினைத்து வேறொரு மலையை நோக்கிப் போய்விடுகிறது. மலையில் இப்போது இருக்கும் தமிழ் பேசும் குடிகள் அந்தக் கப்பல்காரர்களின் வம்சம். அவர்களுக்கு முன்பே அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். சண்டை, சம்பந்தம், கடன் எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

எவ்வளவு உயரம்? உச்சியில் பனி உண்டா?

2,100 மீட்டர். மலாயத் தீபகற்பத்தின் மிக உயர்ந்த மலையான தகான் 2,187 மீட்டர். கற்பனைதானே என்று அதை மிஞ்ச எனக்கு மனம் வரவில்லை.

பனி கிடையாது. இதை எல்லாரும் ஏமாற்றத்தோடு கேட்கிறார்கள். கற்பனை மலை என்றாலே வெள்ளைத் தொப்பி போட்டு நிற்க வேண்டும் என்று படங்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். நம் பக்கத்தில் உயரம் ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 பாகை வெப்பம் குறையும். கடற்கரையில் 28 பாகை என்றால் ஆழிக்குடுமி உச்சியில் 15 பாகை. குளிரும், ஆனால் உறையாது. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலுவிலேயே நிரந்தரப் பனி இல்லை. கடைசிப் பனியூழியில் அங்கே பனியாறு இருந்தது, உச்சிப் பாறையில் அதன் தடம் இன்றும் தெரிகிறது, அவ்வளவுதான். எங்கள் மலையில் பனிக்குப் பதிலாக மேகம் இருக்கிறது. வழி தவறச் செய்யவும் ஆளை நனைத்து நடுங்க வைக்கவும் அது போதும்.

மலை எதனால் ஆனது? இது விளையாட்டுக்கு அவசியமா?

ரொம்ப அவசியம். பாறை தெரிந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று தெரியும். தண்ணீர் எங்கே போகும் என்று தெரிந்தால், யார் எங்கே குடியிருப்பார்கள், எதற்காக அடித்துக்கொள்வார்கள் என்பது தன்னாலே தெரிந்துவிடும். ஆழிக்குடுமியில் மந்திரவாதம் குறைவு, தண்ணீர்க் கணக்கு அதிகம் என்று என் நண்பன் கிண்டல் செய்வான். செய்யட்டும்.

மேல் பாதி கருங்கல், கீழே வடக்குப் பக்கம் தவிரப் பாவாடை போலச் சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை. பினாங்குத் தீவு கருங்கல். கோலாலம்பூர்ப் பத்துமலையும் ஈப்போவைச் சுற்றி நிற்கும் குன்றுகளும் சுண்ணாம்பு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை லங்காவியிலும் கிந்தா பள்ளத்தாக்கிலும் பார்க்கலாம். பூமிக்கடியில் உருகிய கருங்கல் குழம்பு சுண்ணாம்புக்குள் ஏறியபோது, தொட்ட இடமெல்லாம் வெந்து பளிங்காக மாறியது. கூடவே வெள்ளீயமும் வந்தது. கிந்தாவின் ஈய லம்பங்கள் (சுரங்கங்கள்) எல்லாம் அதன் புண்ணியம்.

இனி விளையாட்டுக்கு வருவோம். கருங்கல்லில் விழும் மழை ஓடையாக இறங்கும். சுண்ணாம்பைத் தொட்டதும் ஓடை காணாமல் போய்விடும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணாம்பைத் தின்று வழி செய்து வைத்திருக்கிறது. அந்த வழிகள்தான் குகைகள். கூரையிலிருந்து சொட்டுகிற நீர் விட்டுப்போகும் சுண்ணாம்பு, ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் என்ற கணக்கில் தொங்கூசியாக வளரும்.

ஆகவே ஆழிக்குடுமியில் மேலே ஓடையில் போட்ட பொருள், சில நாள் கழித்து அடிவாரச் சுனையில் வெளிவரும். எங்கள் ஆட்டக்காரர் ஒருத்தி மேலே சிறைப்பட்டிருந்தபோது, மூங்கில் குழாயில் ஓலையை அடைத்து, மெழுகால் வாயை மூடி, ஓடையில் விட்டாள். நான் அதை எழுதி வைக்கவே இல்லை. பாறையின் குணத்தைப் புரிந்துகொண்டு அவளாகக் கண்டுபிடித்த வழி. அதற்குப் பகடை உருட்டச் சொல்லவும் இல்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

பருவ காலம் எப்படி?

பினாங்கு மாதிரியேதான். ஜனவரி, பிப்ரவரி வறட்சி. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை நல்ல மழை. வடகிழக்குப் பருவக்காற்றின் மழையைத் திதிவங்சா மலைத்தொடர் கிழக்குக் கரையிலேயே பிடித்துக்கொள்கிறது. அதனால் கிளந்தானில் வெள்ளம் வரும் காலத்தில் நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்பதை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன். குகையில் தண்ணீர் ஏறுமா என்பது அதைப் பொறுத்தது.

மலையில் யார் யார் இருக்கிறார்கள்?

கடலோரத்தில் துறைக்காரர்கள். சுண்ணாம்புப் பாறையில் குகைக்காரர்கள். கீழ்ச்சரிவுப் பெருங்காட்டில் தேன்காரர்களும் கற்பூரத்தார்களும். மேகக்காட்டில் மறைவார். உச்சியில் யாரும் இல்லை. ஒருவர் பிழைப்பு இன்னொருவர் கையில் இருக்கும்படி அமைத்திருக்கிறேன், அதனால் யாரையும் ஒரேயடியாகப் பகைத்துக்கொள்ள முடியாது.

குகைக்காரர்கள் எதைச் சாப்பிட்டுப் பிழைக்கிறார்கள்?

நல்ல கேள்வி. பல கற்பனை உலகங்களில் குகைக்குள் ஆயிரம் பேர் வாழ்வார்கள், அரிசி எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

இவர்களுக்கு இரண்டு தொழில். ஒன்று பறவைக்கூடு. எச்சிலால் கூடு கட்டும் உழவாரக் குருவிகள் இருட்டில் 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பி, அது திரும்பி வருவதைக் கேட்டே வழி கண்டுபிடிக்கும். வௌவாலின் ஒலி நம் காதுக்கு எட்டாது. குருவியின் ஒலி எட்டும். அதனால் குகைக்காரப் பிள்ளைகள் விளக்கு இல்லாமலே கூடு இருக்கும் திசையைச் சொல்வார்கள். குஞ்சு பறந்த பிறகுதான் கூட்டை எடுக்க வேண்டும் என்பது அவர்கள் கட்டுப்பாடு. மீறினால் ஒரு பருவம் முழுக்கக் குகைக்கு வெளியே.

இரண்டாவது, வௌவால் எச்சம். அது உரம், துறைக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு அரிசி கொடுப்பார்கள்.

இந்த வௌவால் விஷயத்தில்தான் மலையின் முக்கால்வாசிக் கதை இருக்கிறது. குகையில் தங்கும் தேன் வௌவால் இரவில் பூந்தேன் தேடிப் பறக்கும், ஒரே இரவில் முப்பது கிலோமீட்டருக்கு மேலும் போகும். டுரியான் பூ மாலையில் விரிந்து விடிவதற்குள் உதிரத் தொடங்கிவிடும். அந்த ஓர் இரவுக்குள் மகரந்தம் மாற வேண்டும். அதற்கு முக்கியமான ஆள் இந்த வௌவால். பாலேக் பூலாவ் டுரியான் சாப்பிட்டுவிட்டு வௌவாலைத் திட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். ஆழிக்குடுமியில் குகையில் புகை போட்டால் அந்த வருஷம் சரிவில் டுரியான் இல்லை. பெத்தாய் அவரையும் குறையும். அப்புறம் தேன்காரர்கள் கத்தியோடு கீழே இறங்கி வருவார்கள்.

குகை வாசலில் இருக்கும் 'கதவுக்காரி' யார்? முதல் ஆட்டத்திலேயே செத்தேன்.

கதவுக்காரி ஒரு சிலந்தி. மூன்று சக்கரத் திரிஷா வண்டி அளவு இருக்கும். அளவு மட்டும்தான் என் கற்பனை, பழக்கமெல்லாம் நிஜம். பத்துமலை இருட்டுக் குகையில் பொறிக்கதவுச் சிலந்தி ஒன்று உண்டு. வயிற்றின் மேல் தகடு தகடாக அடுக்கு தெரியும். முப்பது கோடி ஆண்டுக்கு முந்தைய சிலந்திகளின் சாயல் அது. நூலாலும் மண்ணாலும் வட்டமான கதவு செய்து, ஒரு பக்கம் கீல் வைத்து, வளையின் வாயை மூடிக்கொள்ளும். கதவு மூடியிருக்கும்போது பாறையிலிருந்து அதைப் பிரித்துப் பார்க்கவே முடியாது. ஆனால் வளை வாயிலிருந்து ஏழெட்டு நூல்கள் கதிர் மாதிரி வெளியே நீண்டு கிடக்கும். ஏதாவது பூச்சி அதை மிதித்தால் உள்ளே இருக்கும் சிலந்திக்குத் தெரிந்துவிடும். கதவு திறந்ததும் பூச்சி காணாமல் போனதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

நான் ஒவ்வொரு முறையும் "தரையில் மெல்லிய நூல்கள் கிடக்கின்றன" என்று சொல்லிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடர்கிறேன். கவனிக்காமல் ஓடினால் நான் என்ன செய்ய?

தேன்காரர்கள் ஏன் இரும்பைத் தொடுவதில்லை?

இது நான் புனைந்ததில்லை, கெடாவிலிருந்து எடுத்தது. அங்கே பெடு ஏரிப் பக்கம் துவாலாங் மரங்களில் தேன் எடுப்பவர்களிடம் ஒரு கதை உண்டு. அரண்மனையில் வேலை செய்த ஓர் இந்துப் பெண், கறுப்பழகி, இளவரசனைக் காதலித்தாள். சுல்தானுக்குக் கோபம். அவள் தோழிகளோடு தப்பி ஓடும்போது இரும்பு ஈட்டி பாய்ந்தது. அவர்கள் தேனீக்களாக மாறினார்கள். தேனீயை அங்கே 'ஹித்தாம் மானிஸ்' (கறுப்பழகி) என்றே மரியாதையாகக் கூப்பிடுவார்கள், தேன் எடுக்கப் போகும்போது இரும்பு கொண்டுபோக மாட்டார்கள். ஏணி மரம், கத்தி மாட்டெலும்பு, வாளி தோல்.

துவாலாங் எண்பது மீட்டர் வரை வளரும். அடிமரம் வழுவழுவென்று இருப்பதால் கரடி ஏற முடியாது, அதனால்தான் பெரிய மலைத்தேனீ அங்கே அடை வைக்கிறது. ஒரே மரத்தில் பல பத்து அடைகள் தொங்கும். நிலா இல்லாத இரவில் ஏறுவார்கள். நசுக்கிக் கட்டிய கொடிப் பந்தத்தைக் கிளையில் தட்டினால் நெருப்புப் பொறி மழையாகக் கொட்டும். தேனீக்கள் பொறியைத் துரத்திக்கொண்டு கீழே போய்விடும், விடியும்வரை மேலே வராது. அந்த இடைவெளியில் அடையை அறுத்து வாளியில் இறக்க வேண்டும்.

ஆட்டத்தில் தேன்காரப் பாத்திரம் எடுத்தால் உங்களிடம் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. அம்பு முனையும் எலும்புதான். பதிலுக்கு, தேனீக்கள் உங்களை ஒருபோதும் முதலில் கொட்டாது. பலரும் இதை மோசமான பேரம் என்று நினைக்கிறார்கள். மரத்தடியில் எதிரிப் படை நின்ற ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கற்பூரக் காட்டுக்குள் போனதும் எல்லாரும் ஏன் உளறுகிறார்கள்?

அது விதி. பாருஸ் கற்பூரம் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கலாம். சுமத்ராவில் பாருஸ் பக்கத்து லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது. தமிழ் வணிகர்களை அங்கே இழுத்த சரக்குகளில் கற்பூரம் முக்கியமானது. அந்தக் கற்பூரம் உயர்ந்த காட்டு மரத்தின் வயிற்றுக்குள் பளிங்குத் துண்டாக இருக்கும். எந்த மரத்தில் இருக்கிறது என்பது வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஜொகூரில் அதைத் தேடிப் போன பூர்வகுடி மக்கள் காட்டுக்குள் சாதாரணப் பேச்சைப் பேச மாட்டார்கள். அதற்கென்றே தனிப் பேச்சு வைத்திருந்தார்கள். மாற்றிப் பேசினால் கற்பூரம் கிடைக்காது என்பது நம்பிக்கை.

எங்கள் மேசையிலும் அப்படியே. பாத்திரம் அந்தக் காட்டுக்குள் நுழைந்ததும் மரம், கோடரி, கற்பூரம், தண்ணீர் இந்தச் சொற்களை ஆட்டக்காரர் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைய தேடல் வீண். வேறு எப்படி வேண்டுமானாலும் சுற்றி வளைத்துச் சொல்லலாம். "நிற்கிறவனைப் பல்லுக்காரியால் கடிக்கிறேன்" என்று ஒருவர் கோடரி வேலையைச் சொன்னபோது சிரித்து அடங்கவே வெகுநேரம் ஆனது. சாப்பாட்டு இடைவேளையில் விதி கிடையாது, பயப்பட வேண்டாம்.

மேகக்காட்டில் என்ன இருக்கிறது?

தொடர்மலையில் மேகக்காடு உயரத்தில்தான் தொடங்கும். தனியாக நிற்கும் மலையில் தாழ்வாகவே தொடங்கிவிடும். ஜெராயில் ஏறினவர்களுக்குத் தெரியும். ஆழிக்குடுமியில் 900 மீட்டரிலிருந்தே மரங்கள் குட்டையாகி, கோணலாகி, பாசி போர்த்திக்கொள்கின்றன. மழை பெய்யாத நாளிலும் மேகம் இலையில் மோதித் துளித்துளியாகச் சொட்டும். கீழே சுனைகள் வறட்சியில் வற்றாமல் இருப்பது இதனால்தான்.

அங்கே என் செல்லம் வெள்ளை வளையக் குடுவைச் செடி. பூச்சி தின்னும் செடிகளில் மற்றவை பெரும்பாலும் கிடைத்ததைத் தின்னும். இது கரையானுக்குக் குறி வைக்கும். குடுவை விளிம்புக்குக் கீழே வெள்ளை மயிர் வளையம் ஒன்று இருக்கும், கரையானுக்கு அது தீனி. ஒன்று வந்து கூட்டத்துக்குச் சொல்லும், கூட்டமாக மேயும்போது ஆயிரக்கணக்கில் வழுக்கி உள்ளே விழும். வளையம் மேயப்பட்டு முடிந்தால் அந்தக் குடுவையின் வேட்டையும் முடிந்தது. இந்தச் செடி பினாங்கிலும் உண்டு. ஆட்டத்தில் அது ஆள் உயரம். வெள்ளை வளையத்தை யாராவது தின்ன ஆசைப்பட்டால் நான் தடுப்பதில்லை.

மறைவார் என்பது பேயா?

இல்லை. மலாய்க்காரர்கள் 'ஓராங் புனியான்' என்று சொல்வார்களே, அந்த மாதிரி. நம்மைப் போலவே வீடு, தோட்டம், சந்தை, கல்யாணம் எல்லாம் உண்டு, நம் கண்ணுக்குத் தெரியாது. மூடுபனியில் குழந்தை அழும் சத்தமோ உரல் இடிக்கும் சத்தமோ கேட்டால், நீங்கள் அவர்கள் வாசலில் நிற்கிறீர்கள். காட்டில் யார் பெயரையும் உரக்கக் கூப்பிடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது மேசையில் கடுமையான விதி. உங்கள் பாத்திரத்தின் பெயரை மேகக்காட்டில் யாராவது கத்தினால், மறைவாருக்கும் அந்தப் பெயர் தெரிந்துவிடும்.

அவர்களோடு சண்டை போட முடியாது. பேரம் பேசலாம். அவர்கள் கேட்பது எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்: உப்பு, நூல், ஒரு பாட்டு.

டிராகன், எல்ஃப்?

இல்லை. மலைப்பாம்பு உண்டு. உலகத்திலேயே நீளமான பாம்பு நம் காட்டில் இருக்கும்போது டிராகனை எதற்கு இறக்குமதி செய்ய வேண்டும்?

முருகன் கோயில் இல்லாமல் மலையா?

இதைக் கேட்காத தமிழர் யாரும் இதுவரை வந்ததில்லை. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறிப் பழகிய ஊர்க்காரர்கள் நாம், கேட்கத்தானே செய்வோம். உண்டு. கப்பல்காரர்கள் முதலில் கண்ட சுனை அருகே ஒரு வேல் நட்டிருக்கிறது, கூரை கூட இல்லை. தேன்காரர்கள் அங்கே தினைமாவும் தேனும் வைப்பார்கள். ஆனால் சாமியைப் பாத்திரமாக ஆட முடியாது, சாமிக்குப் பகடையும் கிடையாது. அந்த விஷயத்தில் நான் பழைய ஆள். சுனைக்குப் பக்கத்தில் யாரும் ஆயுதம் எடுப்பதில்லை என்பது மட்டும் மலையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒன்று. அதனால் பஞ்சாயத்தெல்லாம் அங்கேதான் நடக்கும்.

மேலே போக ரயில் விடுவீர்களா?

பினாங்கின் கொடிமலைக்கு 1923இல் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னால் துரைமார்களை ஆட்கள் டோலியில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆழிக்குடுமி இன்னும் டோலிக் காலத்தில் இருக்கிறது. நடக்கப் பழகுங்கள்.

அப்படியென்றால் வில்லன் யார்?

துறையில் ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருக்கிறது. வெற்றிலைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு வேண்டும், அதில் தப்பில்லை. காளவாய்க்குக் கல் வேண்டும், அது குகை. விறகு வேண்டும், அது சரிவுக் காடு. காளவாய் முதலாளி நல்லவர்தான். கூலியை நாள் தவறாமல் கொடுக்கிறார், கோயில் திருவிழாவுக்கு எண்ணெய் தருகிறார், துறைப் பிள்ளைகள் பாதிப் பேர் அவரிடம்தான் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் காளவாய் எவ்வளவு எரிந்தது என்று தாளில் குறித்துக்கொள்வேன். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வௌவால் குறையும். இன்னும் தாண்டினால் மழைக்காலத்தில் சரிவு இறங்கும். 2017 நவம்பர் பினாங்கு வெள்ளத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதியை நான் விளக்க வேண்டியதே இல்லை.

சிலர் முதல் நாளே காளவாயைக் கொளுத்திவிடலாம் என்பார்கள். கொளுத்தலாம். மறுவாரம் வேலை இழந்த நாற்பது குடும்பங்கள் பறவைக்கூடு திருட மலையேறும்.

வரைபடத்தில் வடக்குச் சரிவு ஏன் வெறுமையாக இருக்கிறது?

அங்கே இதுவரை யாரும் போகவில்லை, நானும் முடிவு செய்யவில்லை. மழை குறைவான பக்கம், கருங்கல் கடல்வரை இறங்குகிறது, அதனால் குகை இராது. இந்த மூன்றையும் மீறாமல் யார் முதலில் போய்ச் சேர்கிறார்களோ அவர்கள் வரையலாம்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பென்சில், அழிப்பான். பகடை எங்களிடம் இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்கு மேல் யாரும் வரலாம். தமிழ் எழுதத் தெரியாவிட்டாலும் பேசத் தெரிந்தால் போதும். பலகாரம் ஆளுக்கொரு வாரம் முறை. டுரியான் மட்டும் வேண்டாம், மாடி அறையில் ஜன்னல் ஒன்றுதான்.